வானம் எவருடைய சொத்து?

1758ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள். கிறித்துவ உலகம் விழாக்கோலம் பூண்டிருந்த இரவு. இன்றைய செருமனி நாட்டின் டிரெஸ்டன் நகரை அடுத்த புரோலிஸ் எனும் சிற்றூரிலே, உழவர் ஒருவர் தம் தொலைநோக்கியை விண்ணை நோக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் மண்ணோடு உறவு. இரவெல்லாம் விண்ணோடு உறவு. அதுவே அவர் வாழ்வு. அன்றிரவு அவர் கண்ணிலே பட்டது மங்கலானதோர் ஒளித்திட்டு. வழக்கமாக அவ்விடத்தில் இல்லாத ஒன்று!

அந்த உழவரின் பெயர் யோகான் கியோர்க் பாலிட்ஷ். அவர் கண்டது ஹாலி வால்மீன்.

1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் மக்களை மருட்டிய மூன்று வால்மீன்களும் வெவ்வேறல்ல, ஒன்றே எனக் கணக்கிட்டு, 1705ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டவர் எட்மண்ட் ஹாலி. 1758ஆம் ஆண்டையொட்டி அது மீண்டும் வரும் என்றார். வருவதைக் காண அவர் இல்லை, 1742இல் மறைந்துவிட்டார். ஆனால் அவருடைய கணக்கு மறையவில்லை. ஐரோப்பா முழுவதும் கற்றோர் காத்துக்கிடந்தனர். பாரிசு நகரிலே கடற்படை வானியலாரான டெலீல், வால்மீன் எவ்வழியே வரும் என்று படம் வரைந்து, தம்மிடம் எழுத்தராய் இருந்த சார்லஸ் மெசியேவிடம் தந்தார். படம் காட்டிய இடத்தையே மெசியே பல திங்கள் துருவித் துருவித் தேடினார். படமோ பிழை! 1759 ஜனவரி 21ஆம் நாளில்தான் வால்மீன் அவருக்குத் தென்பட்டது. தென்பட்ட பின்னரும், வெளியே சொல்லாதே என்பது தலைவரின் ஆணை!

அரசாங்க வானியலார் படத்தைப் பார்த்தார். ஊரகத்து உழவர் வானத்தைப் பார்த்தார். வால்மீன் வானத்தில் இருந்தது.

இந்த வரலாற்றை நாம் ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. வானியல் என்றவுடன் நம் இளைஞர் பலர், "அது மாமேதைகளின் துறை; மலைமீது மாளிகையும் மாபெருங் கருவியும் வேண்டும்; நமக்கு ஏது?" என்று ஒதுங்கிவிடுகின்றனர். ஒதுங்கிய இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. அங்கே சோதிடர் வந்து பாய் விரித்து அமர்கிறார். வானைப் பார்க்காதவனுக்கு வானத்தின் பெயரால் எதையும் விற்கலாம். 1910ஆம் ஆண்டு, அதே ஹாலி வால்மீனின் வாலுக்குள் பூமி புகப்போகிறது என்ற செய்தி பரவியபோது, அறிவியல் வளர்ந்த அமெரிக்காவிலேயே 'வால்மீன் மாத்திரை' விற்றுப் பணம் திரட்டினர். வாங்கியவர்கள் வானத்தைப் பார்த்தவர்களா? அல்லர், அச்சத்தைப் பார்த்தவர்கள்!

வானத்தை அறிவதற்கான கருவிகள் யாவை? அவற்றை ஆக்கித் தந்தவர் யாவர்? இவ்விரு கேள்விகளுக்கும் வரலாறு தரும் விடை, நம்மை ஒதுங்கவிடாது.

வழக்கறிஞர் வரைந்த படம்

முதற்கருவி வானப்படம். 1603ஆம் ஆண்டு 'உரனோமெட்ரியா' எனும் படத்தொகுப்பு வெளிவந்தது. ஒவ்வொரு விண்மீன் கூட்டத்திலும் ஒளிமிக்கவற்றுக்கு ஆல்பா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்துகளை வரிசையாகச் சூட்டியது அந்நூல். இன்றும் உலகெங்கும் வழங்குவது அம்முறையே. அதை ஆக்கிய யோகான் பேயர், ஆக்ஸ்பர்க் நகரத்து வழக்கறிஞர்!

இரண்டாவது கருவி பட்டியல். முன்னே கண்ட மெசியே பின்னர்ப் பெரும் வால்மீன் வேட்டைக்காரர் ஆனார். வேட்டைக்குத் தொல்லையாக வானிலே பல மங்கல் திட்டுகள் இருந்தன. பார்த்தால் வால்மீன் போலவே தோன்றும், ஆனால் நகராது. ஏமாறாதிருக்க அவற்றைக் குறித்துவைத்தார். 1758இல் தொடங்கிய அக்குறிப்பு, 1781இல் 103 எண்களோடு நின்றது. பின்வந்தோர் சேர்த்தவற்றோடு இன்று 110. வால்மீனைத் தேடுவோர் ஒதுக்க வேண்டியவை என்று அவர் எழுதிய பட்டியலே, வானம் பார்க்கத் தொடங்குவோர் தேடவேண்டியவை என்று இன்று உலகமெலாம் கையில் ஏந்தும் பட்டியல்! விண்மீன்கள் பிறக்கும் புகைமண்டலம், நம் பால்வழிக்கு அப்பாலுள்ள ஆண்டிரோமீடா மண்டலம், கார்த்திகைக் கூட்டம் எல்லாம் அதிலே உள்ளன. குப்பை என்று ஒதுக்கியதைக் கூர்ந்து பார்த்தபோது, அதுவே கருவூலம் ஆயிற்று.

இசைவாணர் இல்லம்

தொலைநோக்கியின் வரலாற்றிலே நாம் நெடிது நிற்கவேண்டிய இடம் இங்கிலாந்தின் பாத் நகரம். ஹானோவரில் 1738இல் பிறந்த வில்லியம் ஹெர்ஷல், பிழைப்புத் தேடி இங்கிலாந்து வந்தவர். பாத் நகரத்து வழிபாட்டுக் கூடமொன்றில் ஆர்கன் வாசித்தார். வீடு வீடாய் இசை கற்பித்தார். ஓய்வு நேரத்தில் வானியல் நூல்களைப் படித்தார். படித்ததைப் பார்க்கவேண்டும் என்ற வேட்கை பிறந்தது. பெரிய தொலைநோக்கி வாங்கப் பொருள் இல்லை. என் செய்தார்? தாமே செய்தார்!

அந்நாளில் தொலைநோக்கியின் ஆடி கண்ணாடியால் ஆனதன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அதை உருக்கி, வார்த்து, தேய்த்து, மெருகேற்ற வேண்டும். இசைக்கூடம் பட்டறை ஆயிற்று. மெருகேற்றத் தொடங்கினால் இடையிலே கையெடுக்கலாகாது என்று ஒருமுறை 16 மணி நேரம் தொடர்ந்து தேய்த்தார். உண்ணவும் எழவில்லை. உடனிருந்த தங்கை கரோலின் உணவைத் துண்டு துண்டாக அண்ணன் வாயில் ஊட்டினார். களைப்புத் தெரியாதிருக்கக் கதைநூல்களைப் படித்துக் காட்டினார். 1781இல் மூன்றடி அகல ஆடியை வீட்டின் அடித்தளத்திலேயே வார்க்க முயன்றபோது, அச்சு வெடித்து உருகிய உலோகம் தரையில் ஓடியது. தரையிலே பதித்த கற்கள் வெடித்துச் சிதறின. உயிர் தப்பியதே பெரிது!

அதே 1781ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13ஆம் நாள் இரவு, வீட்டுத் தோட்டத்திலிருந்து, தாமே தேய்த்த ஆறங்குல அகல ஆடியால் வானை வரிசையாக ஆய்ந்துவந்த ஹெர்ஷல், புள்ளியாய்த் தோன்றாமல் வட்டாய்த் தோன்றிய ஒன்றைக் கண்டார். வால்மீன் என்றே முதலில் எண்ணினார். கணக்கிட்டபோது அது கோள் என்று தெரிந்தது. யுரேனஸ்! சனிக்கு அப்பால் கோள் இல்லை என்று ஆயிரமாயிரம் ஆண்டுகள் எண்ணியிருந்த மாந்தரின் ஞாயிற்றுக் குடும்பம், ஓர் இரவிலே இருமடங்கு விரிந்தது.

ஒன்றை மறத்தலாகாது. அரசாங்க வானியலாரான பிளாம்ஸ்டீடு 1690ஆம் ஆண்டிலேயே அதைப் பார்த்திருந்தார். விண்மீன் என்று எண்ணி எண் கொடுத்துக் குறித்தும் வைத்திருந்தார். பார்த்தல் வேறு, கூர்ந்து பார்த்தல் வேறு. ஒன்பது கோள்களையும் சுற்றிவந்து வணங்குவோர் நம்மிடையே உண்டு. அந்த ஒன்பதிலே ஞாயிறு உண்டு, திங்கள் உண்டு, உருவே இல்லாத இராகுவும் கேதுவும் உண்டு, யுரேனஸ் இல்லை. வணக்கம் எத்தனை நூற்றாண்டு தொடர்ந்தாலும் புதியதொரு கோளைத் தந்துவிடாது. தந்தது தேய்த்த கை, விழித்த கண்!

கரோலினின் கதை அண்ணனின் கதையினும் அரியது. வீட்டு வேலைக்கே பிறந்தவள் என்று தாயால் அடுக்களையில் அடக்கி வைக்கப்பட்ட பெண் அவர். 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் தாமே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். பின்னும் ஏழு கண்டார். 1787இல் ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் அவருக்கு அரசரால் அளிக்கப்பட்டது. 1828இல் இலண்டன் அரச வானியல் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. அடுத்தொரு பெண்ணுக்கு அப்பதக்கம் கிடைத்தது எப்போது தெரியுமா? 1996இல், வேரா ரூபினுக்கு! 168 ஆண்டு இடைவெளி! இடையிலே ஆற்றல்மிக்க பெண்கள் பிறக்கவில்லையா? பிறந்தனர், வாயில்தான் திறக்கவில்லை.

நுங்கம்பாக்கத்து நினைவு

நம் நாட்டுக்கு வருவோம். பழந்தமிழர் வானை நோக்காதவரல்லர். எழுமீன், வெள்ளி, செம்மீன் என்று பெயரிட்டு வழங்கியவர்கள். புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார், இன்ன மீன் உச்சியிலே நிற்க, இன்ன மீன் சாய, இன்ன திசையில் ஒளிமீன் வீழ்ந்தது என்று தாம் கண்டதை நுணுக்கமாகக் கூறுகிறார். அதிலிருந்து சேரமான் மறைவான் என்று அஞ்சுகிறார். கண்டது உண்மை, கருதியது பிழை. மீன் வீழ்ந்ததும் உண்மை, மன்னன் மறைந்ததும் உண்மை. ஒன்றுக்கொன்று உறவுதான் இல்லை. கண்ணின் சான்றைக் கைக்கொண்டு, அச்சத்தின் உரையை அகற்றுவதே நாம் அவருக்குச் செய்யும் நன்றி.

சென்னை நுங்கம்பாக்கத்திலே 1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் எழுப்பிற்று. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளோடு இன்னும் அங்கே நிற்கிறது. நம்மேல் கொண்ட அன்பினாலா கம்பெனி அதைக் கட்டியது? கப்பலுக்கு வழியும் நிலத்துக்கு அளவும் வேண்டியே கட்டியது. எனினும் கட்டியதன் பயன் கம்பெனியோடு நின்றுவிடவில்லை.

1861 முதல் 1891 வரை அங்கே தலைமை ஏற்றவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளியை முதல் தரம், ஆறாம் தரம் என்று பழங்காலத்தார் கண்ணளவால் பகுத்தனர். முதல் தர மீன் ஆறாம் தர மீனைப்போல் 100 மடங்கு ஒளியுடையது எனக் கணக்காக வரையறுக்கலாம் என்று 1856இலேயே கூறியவர் போக்சன். தொடக்கநிலையாளர் கையில் வாங்கும் வானப்படத்திலே பெரும்புள்ளி, சிறுபுள்ளி என்று இருப்பதெல்லாம் அவர் அளவுகோலின்படியே.

அவர்க்குத் துணைவராயிருந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலே பிறந்தவர். வானாய்வுக்கூடத்துப் பணியிலே பல்லாண்டு இருந்து, 1867இல் தென்வானத்து ரெட்டிகுலம் கூட்டத்திலுள்ள விண்மீன் ஒன்று ஒளி கூடியும் குறைந்தும் மாறுவதைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் நாம் அவரைப் போற்றுவது இவற்றினும் மேலான மற்றொன்றுக்காக. 1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்ல இருந்தது. இந்நிகழ்ச்சியைப் பொதுமக்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று, உரையாடல் வடிவிலே ஒரு சிறுநூல் எழுதினார். இந்திய மொழிகள் பலவற்றிலும் அது செல்ல வகை செய்தார். ஆங்கிலம் அறிந்தார்க்கு மட்டும் வானம் என்று அவர் கருதவில்லை!

பஞ்சாங்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பழைய வாய்பாட்டை ஓதி ஓதிக் கணிப்பது தவறு. வானத்திலே கோள் எங்கே நிற்கிறது என்று கண்டு கணிக்க வேண்டும் என வாதாடினார். எதிர்ப்பு எழுந்தது. கண்டு கணிப்பது 'திருக்கணிதம்', பழையது 'வாக்கியம்' என்று இரண்டும் இன்றுவரை அங்காடியில் விற்பனையாகின்றன. விளைவைக் கேளுங்கள். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2023 ஜனவரி 17ஆம் நாள். வாக்கியப்படி 2023 டிசம்பர் 20ஆம் நாள். ஏறத்தாழ 11 திங்கள் வேறுபாடு! வானத்திலே இருப்பது ஒரே சனி. அது இரண்டு நாளில் இடம் பெயருமா? இரண்டிலே எதை ஏற்றுப் பரிகாரம் செய்வது என்று கேட்பவர் ஆயிரம் பேர். வெளியே வந்து சனியைப் பார்ப்பவர் எத்தனை பேர்? ஆச்சாரியார் சோதிடத்தையே தள்ளினாரா என்பதன்று நம் கேள்வி. ஏட்டிலே எழுதியதற்கும் வானிலே உள்ளதற்கும் முரண் வந்தால் ஏட்டைத்தான் திருத்த வேண்டும் என்றாரே, அந்தத் துணிவு போதும், அவரை நாம் நினைக்க.

பட்டறையும் பண்ணையும்

1850களில் கண்ணாடியின்மேல் வெள்ளி பூசும் முறை வந்தது. பிரெஞ்சு அறிஞர் பூக்கோ, ஆடியின் வளைவு சரியா என்று ஒரு விளக்கும் ஒரு கத்தி விளிம்பும் கொண்டே சோதிக்கும் வழியைக் கண்டார். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டதில் ஒரு கூறளவு பிழையையும் அது காட்டிவிடும். உலோகத்தை உருக்கி உயிருக்கு அஞ்ச வேண்டிய நிலை ஒழிந்தது.

1920ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரிலே, ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் எந்திரத் தொழிற்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டி ஆடி தேய்க்கக் கற்பித்தார். இரண்டு கண்ணாடி வட்டுகள். நடுவே உரைதூளும் நீரும். ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தேய்த்துக்கொண்டே போனால் மேல்வட்டு குழியும், கீழ்வட்டு குவியும். பகலிலே ஆலையில் இரும்பைக் கடைந்த கைகள், மாலையிலே கண்ணாடியைத் தேய்த்தன. 1925 முதல் 'சயன்டிபிக் அமெரிக்கன்' ஏட்டிலே இச்செய்தி வெளிவந்ததும், முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டிலே தொலைநோக்கி செய்யத் தொடங்கினர். ஓர் ஏட்டிலே வந்த கட்டுரை எத்தனை கண்களைத் திறந்துவிட்டது!

கன்சாஸ் மாநிலத்து உழவர் மகன் கிளைடு டாம்போ, ஆலங்கட்டி மழையால் பயிர் அழிந்து கல்லூரி செல்ல வழியற்றவர். பழைய கார் உறுப்புகளையும் பண்ணைக் கருவிகளின் பகுதிகளையும் கோத்துத் தொலைநோக்கி செய்தார். செவ்வாயையும் வியாழனையும் பார்த்து வரைந்த படங்களை லோவெல் வானாய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். 1929இல் அங்கே வேலை கிடைத்தது. 1930 பிப்ரவரி 18ஆம் நாள் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். 2006 முதல் அது குறுங்கோள் என வகுக்கப்படுகிறது. வகை மாறினாலும் கண்ட கண்ணின் பெருமை மாறாது.

தெருவிலே தொலைநோக்கி

ஜான் டாப்சன் 1915இல் பெய்ஜிங் நகரிலே பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண நெறியைச் சார்ந்த வேதாந்த மடத்திலே 1944இல் துறவியானவர். துறவிக்கோ கையில் காசில்லை. கப்பலின் சாளரத்துக் கண்ணாடி, அட்டைக் குழாய், மரப்பலகை ஆகியவற்றால் தொலைநோக்கி செய்தார். மடத்துக்கு வெளியே உருட்டிச் சென்று தெருவிலே போவோர்க்கெல்லாம் நிலவைக் காட்டினார். 1967இல் மடத்தைவிட்டு வெளியேற வேண்டியவரானார். அவர் தளரவில்லை. 1968இல் 'நடைபாதை வானியலார்' கழகம் உருவாயிற்று. நடைபாதையிலே தொலைநோக்கியை நிறுத்தி, 'வாருங்கள், சனியைப் பாருங்கள்' என்று அழைத்தார். கட்டணம் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. பலகையாலான அவருடைய எளிய தாங்கிக்கு அவர் காப்புரிமை எதுவும் பெறவில்லை. இன்று உலகெங்கும் விற்பனையாகும் 'டாப்சோனியன்' வகைத் தொலைநோக்கி அவர் தந்த கொடை. 2014இல் மறைந்தார்.

நமக்கு வேண்டுவன

இனி, நம் இளைஞர் எங்கே தொடங்குவது? முதற்கருவி கண். அதற்கு விலை இல்லை, பொறுமைதான் வேண்டும். ஒளியிலிருந்து வந்த கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைவிளக்கைச் சிவப்புத் தாளால் மூடிக்கொண்டால் பழகிய கண் கெடாது.

அடுத்து வானப்படம். நாளையும் நேரத்தையும் பொருத்தித் திருப்பும் வட்டப்படம் போதும். கணிப்பொறி உடையார்க்கு ஸ்டெல்லேரியம் எனும் செயலி விலையின்றிக் கிடைக்கிறது. ஒன்று கருதுக: மேனாட்டு நூல்கள் மேனாட்டு வானத்துக்கு எழுதப்பட்டவை. வடமீன் நமக்குத் தாழ்ந்தே தோன்றும். சென்னையில் தொடுவானுக்கு மேல் 13 பாகை, குமரியில் 8 பாகை. ஆனால் தென்வானம் நமக்குப் பெருஞ்செல்வம்! மெசியே பட்டியலின் ஏழாம் எண், பாரிசிலே தொடுவானை உரசிச் செல்வது. நமக்கோ தெற்கே நன்கு உயர்ந்து நிற்பது. ஏப்ரல், மே மாலைகளில் தென்சிலுவையை நாம் காணலாம். இலண்டனார் காண முடியாது.

அந்த மாலைகளிலேயே வடக்கே எழுமீனும் தெரியும். அதன் வாலில் நடுமீனை ஒட்டி மங்கிய சிறுமீன் ஒன்று தெரிகிறதா? அதுவே அருந்ததி. பட்டப்பகலிலே பந்தலுக்கு வெளியே மணமக்களை நிறுத்தி, "அதோ அருந்ததி" என்று காட்டுகிறார்களே, அந்த மீன்தான்! காட்டுபவர்க்கும் தெரியாது, காண்பவர்க்கும் தெரியாது. "தெரிகிறது" என்று தலையசைப்பது மட்டும் தவறாது. இரவிலே சென்று உண்மையிலேயே பார்த்துவிடுங்கள்.

பிறகு இருகண் நோக்கி. 7 மடங்கு அல்லது 10 மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் வில்லையும் உடையது தொடக்கத்துக்குச் சாலும். நிலவின் பள்ளங்கள், 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு துணைக்கோள்கள், கார்த்திகைக் கூட்டம் யாவும் அதில் தெரியும். எக்கருவியாலும் ஞாயிற்றை நேரே நோக்கலாகாது; தக்க வடிகட்டி இன்றி நோக்கின் கண் போய்விடும். இது மூடநம்பிக்கை அன்று; வெறும் ஒளியியல்.

நான்காவது குறிப்பேடு. நாள், நேரம், இடம், வானின் நிலை, கண்டது எல்லாம் எழுதுக. ஒளி மாறும் விண்மீன்களைக் கண்டு எழுதும் ஆர்வலர்களின் குறிப்புகளை, 1911இல் அமெரிக்காவிலே தொடங்கிய மாறொளி மீன் நோக்கர் கழகம் உலகெங்குமிருந்து தொகுத்து வருகிறது. பட்டம் கேட்பதில்லை, நேர்மையான குறிப்பையே கேட்கிறது.

ஐந்தாவது தோழமை. படிப்பகம் உள்ள ஊரிலே அதன் மொட்டைமாடி போதும். திங்களுக்கு ஓர் இரவு பத்துப் பேர் கூடினால் ஒரு கழகம். ஒரு கருவி பத்துப் பேருக்குப் போதும். ஒருவர் கண்டதை ஒன்பதின்மர் சரிபார்க்கவும் முடியும். 2019 டிசம்பர் 26ஆம் நாள் கோவையிலும் திண்டுக்கல்லிலும் ஞாயிறு வளையமாய்த் தோன்றியபோது, கதவடைத்து உள்ளே இருந்தவர்களும் உண்டு. வடிகட்டிக் கண்ணாடியோடு வெளியே வந்து கண்டு களித்தவர்களும் உண்டு. அடுத்த மறைப்பின்போது உங்கள் தெருவிலே எக்கூட்டம் பெரிதாக இருக்கும் என்பதை, இன்று நீங்கள் தொடங்கும் பணியே முடிவு செய்யும்.

உழவர் பார்த்தார், இசைவாணர் பார்த்தார், அடுக்களைப் பெண் பார்த்தார், ஆலைத் தொழிலாளி பார்த்தார். எவரும் எவரிடமும் இசைவு பெற்றுப் பார்க்கவில்லை. வானத்துக்கு வேலியில்லை, வாயிலில்லை, அதன் முன்னே தட்டேந்தி நிற்பாரும் இல்லை. ஞாயிறு மறைந்ததும் வெளியே வாருங்கள் தோழர்களே! அண்ணாந்து பாருங்கள்! கண்டதை எழுதுங்கள்! எழுதியதை அடுத்தவருக்குக் காட்டுங்கள்!